பதினான்கு நாள்

தார்த்து நகரின் ஓரத்தில், டயர் கடைக்கு அடுத்து,
பெயிண்ட் கலக்கும் இயந்திரத்தின் பின்னால் நிற்கிறவன் நான்.
வெள்ளை டப்பாவில் நான்கு சொட்டுக் கறுப்பு,
அரைச் சொட்டு நீலம்,
மூடியைத் தட்டி மூன்று நிமிடம் குலுக்கினால்
'பிப்ரவரி மூடுபனி' என்று ஒரு நிறம்.
பெயர் வைப்பது நானில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் வருவார்கள்.
மிதியடியில் பனியைத் தட்டிவிட்டு
லேலோ நேராக வால்பேப்பர் உருளைகளுக்கு,
ஊர்மஸ் என்னிடம்.

"சுவர் கோணல், ஊர்மஸ்.
பலகை வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தால்
மேடும் பள்ளமும் சாயங்கால வெயிலில் எழுந்து நின்று
வந்தவர்களோடு பேசும்."

"தாள் மட்டும் வாயை மூடிக்கொண்டா இருக்கும்?
அடுப்படிச் சுவர் வியர்க்கிற சுவர்.
மூன்று குளிர்காலம் போகட்டும்,
மூலையெல்லாம் நாய்க்காது மாதிரி மடங்கும்."

"பசையை ஒழுங்காகத் தடவினால் மடங்காது."
"யார் தடவுவது?"
"நீதான்."

இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும்.
இந்த வயதில் இத்தனை ஆசையாகச் சண்டை போடுகிறவர்கள்
புதிதாகக் கல்யாணம் செய்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்
என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

நான்காவது சனிக்கிழமை
கல்லாவின் கீழிருந்து கூப்பனை எடுத்தேன்.
"புதுக் குடித்தனத்துக்குப் பத்து சதம் தள்ளுபடி."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
முதலில் சிரித்தது அவள்தான்.
"குடித்தனம் இல்லை தம்பி. விற்கிறோம்.
விற்றுப் பாதிப் பாதி.
தரகர் வெள்ளை அடிக்கச் சொல்கிறார்,
வெள்ளைச் சுவர் சீக்கிரம் போகுமாம்."

காது சூடாகிவிட்டது எனக்கு.
அவர்களோ விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்கள்,
படுக்கையறைக்கு மினுமினுப்பா மங்கலா என்று.
இனி எவனோ ஆணியடிக்கப் போகிற சுவர்.

"ஆஸ்பத்திரி வெள்ளை மட்டும் வேண்டாம்" என்றாள்.
அவர் தாடையைச் சொறிந்தபடி யோசித்தார்.
"பத்து லிட்டருக்கு ஒரு சொட்டு மஞ்சள்
போட முடியுமா?"
போட்டேன். இரண்டு டப்பாவிலும்.

கூடவே ஓர் உருளை,
சாம்பல் தாளில் ஜூனிப்பர் கிளைகள்.
"ஓர் உருளை ஒரு சுவருக்குக்கூடக் காணாதே."
"தெரியும்" என்று கார்டை நீட்டினாள்.

எல்லோரிடமும் ஒப்பிக்க வேண்டியதை ஒப்பித்தேன்,
மேலாளர் உத்தரவு:
கலந்த பெயிண்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்.
பிரிக்காத தாளைப் பதினான்கு நாளுக்குள் கொண்டுவரலாம்.

பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை,
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தார் ஊர்மஸ்,
குடையை இடுக்குவதுபோல் உருளையை இடுக்கிக்கொண்டு.
ஒரு புருவம் வெள்ளை.

"அவள் போயிருக்கிற வாடகை அறையில்
தாள் ஒட்டக் கூடாதாம். ஆணிகூடக் கூடாதாம்."

பில்லைப் பார்த்தேன். முப்பத்தொரு யூரோ தொண்ணூறு.
வாங்கிய கார்டுக்கே பணம் போகும் என்றேன்.
"போகட்டும். அவளுடையதுதான்."

கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.
"அந்த மஞ்சள் தெரிகிறதா?"

கையுறையை மாட்டிக்கொண்டே நின்றார்.
"காலையில் மட்டும்.
கிழக்கு ஜன்னல் பக்கம், ஒரு பத்து நிமிடம்."

அவர் போன பிறகு
உருளையை அதன் தட்டில் வைக்கப் போனேன்.
உறை மேல் பேனாவில் எழுதியிருந்தது,
சாய்ந்த கையெழுத்தில், சுவரின் உயரம்: 2.64.
அதை அடித்துவிட்டு
இன்னொரு கை, அழுத்தி: 2.61.
அதையும் அடித்து
மறுபடி சாய்ந்த எழுத்தில் 2.64,
கீழே இரண்டு கோடு.

உறை பிரியவில்லை. விதிப்படி சரி.
எண் இருந்த பக்கத்தை உள்ளே திருப்பி வைத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.